புதுப் படகு, நான்கு ரிப்பேர், இப்போது "சரிசெய்ய முடியாது" என்கிறார்கள். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கரையோரம்:

வணக்கம். இந்தக் குழுவில் மூன்று வருடமாகப் படிக்க மட்டுமே செய்தவன். இன்றைக்கு எழுத வேண்டிய நிலை வந்துவிட்டது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு மாதத்துக்கு முன்பு புத்தம் புதிதாக ஒரு ஃபைபர் படகு வாங்கினேன். ஏழு மீட்டர் நீளம், பின்னால் ஒற்றை அவுட்போர்டு என்ஜின். பாதி சேமிப்பு, பாதி கடன். சொந்த உபயோகத்துக்குத்தான், வாடகைக்கு விடுவதில்லை. மூன்றாவது தடவை தண்ணீரில் இறக்கியபோதே பில்ஜ் பம்ப் (படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றுவது) தானாக ஓட ஆரம்பித்தது. மழைத் தண்ணீராக இருக்கும் என்று விட்டேன். அடுத்த வாரமும் ஓடியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

டீலரிடம் கொண்டுபோனேன். முதல் தடவை "ஹோஸ் கிளாம்ப் லூஸ்" என்று இறுக்கிக் கொடுத்தார்கள். இரண்டாவது தடவை அடியில் இருக்கும் ஒரு துளையைச் சுற்றி சீலன்ட் போட்டார்கள். மூன்றாவது தடவை அடிப்பாகத்தில் மயிரிழை விரிசல் இருப்பதை அவர்களே கண்டுபிடித்து, ஏழு வாரம் வைத்திருந்து, பூசிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் இரண்டே ஓட்டம். அதே இடத்தில் விரிசல், பக்கத்தில் இன்னும் இரண்டு. நான்காவது தடவை கொடுத்துப் பத்து வாரம் ஆகிறது, படகு அவர்கள் யார்டில்தான் நிற்கிறது.

போன வாரம் சர்வீஸ் மேலாளர் ஹல்லைப் பற்றி, அதாவது படகின் உடற்கூட்டைப் பற்றி, போனில் சொன்னது: "ஹல்லே சரியில்லை சார். இதை ரிப்பேர் பண்ண முடியாது. கம்பெனிதான் பார்த்து முடிவு சொல்லணும்." கம்பெனிக்கு மெயில் போட்டால், "பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா என்பது எங்கள் விருப்பம். பழுதுபார்க்க முடிவு செய்துள்ளோம்" என்று பதில். ரிப்பேர் செய்ய வேண்டியவர் முடியாது என்கிறார், செய்யச் சொல்கிறவர் முடியும் என்கிறார். நடுவில் நான். வாரண்டி அட்டையில் ஒரு வருடம் என்று இருக்கிறது, இன்னும் நான்கு வாரம்தான் பாக்கி.

அட்டைக் காலம் முடிந்தால் என் உரிமையும் முடிந்ததா? முழுப் பணத்தையும் கேட்கலாமா? கடன் தவணையை என்ன செய்வது?

எந்த நாடு என்று கேட்பீர்கள். விவகாரம் ஓடிக்கொண்டிருப்பதால் அதை இங்கே எழுதாமல் விடுகிறேன். பொதுவாகச் சொல்லுங்கள், என் ஊர்ச் சட்டத்தோடு ஒப்பிட்டுக்கொள்கிறேன்.

நங்கூரம்77:

அனுதாபங்கள் நண்பரே. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாரண்டி என்பது அவன் எழுதிய காகிதம், அவனுக்குச் சாதகமாகத்தான் இருக்கும். ஒரு வருடம் போனால் போனதுதான். விரிசலைப் பூசி வாங்கி, வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வேறு பாருங்கள். வழக்கு என்று போனால் படகை விட வக்கீலுக்கு அதிகம் அழ வேண்டும்.

மனு எழுதுபவள்:

நங்கூரம் சார், பூசி விற்பதைத் தயவுசெய்து சொல்லிக்கொடுக்காதீர்கள். தெரிந்தே குறையை மறைத்து விற்றால் அடுத்த வழக்கில் இவர்தான் எதிர்மனுதாரர்.

கரையோரம், நான் நுகர்வோர் வழக்குகள் நடத்துகிறவள். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது ஒரு வாக்குறுதி இல்லை, இரண்டு. ஒன்று, தயாரிப்பாளர் தானாக முன்வந்து கொடுத்த வாரண்டி அட்டை. இன்னொன்று, விற்றவருக்குச் சட்டம் விதிக்கும் கடமை: விற்ற பொருள் தரமாக இருக்க வேண்டும், சொன்னபடி இருக்க வேண்டும், எதற்காக வாங்கினீர்களோ அதற்கு உதவ வேண்டும். தண்ணீரில் ஓட்ட முடியாத படகு இதில் எதிலும் தேறாது. அட்டையில் இருக்கும் "எங்கள் விருப்பம்" என்ற வரி முதல் வாக்குறுதிக்குள் மட்டும்தான் செல்லும். பெரும்பாலான நாடுகளில் அந்த வரியால் இரண்டாவதைத் தொட முடியாது.

நாடு நாடாகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம்: முதல் 30 நாளுக்குள் குறை தெரிந்தால் நேராகத் திருப்பிக் கொடுக்கலாம். அதன்பிறகு விற்றவருக்கு ரிப்பேருக்கோ மாற்றுவதற்கோ ஒரே ஒரு வாய்ப்பு. ஒன்றுதான், நான்கு இல்லை. அது பலிக்காவிட்டால் விலைக் குறைப்போ, இறுதி நிராகரிப்போ (பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவது) வாங்கியவர் தேர்வு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி முதல் அமலில் இருக்கும் விதிப்படி விற்றவரின் பொறுப்பு குறைந்தது இரண்டு வருடம், அதில் முதல் வருடம் குறை ஆரம்பத்திலேயே இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். ஆஸ்திரேலியாவில் "பெரிய குறை" என்று ஒரு கணக்கு உண்டு. பாதுகாப்பற்றது, அல்லது முன்பே தெரிந்திருந்தால் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள் என்ற அளவுக்கு மோசமானது என்றால், பணமா வேறு பொருளா என்று கேட்கும் உரிமை வாங்கியவருக்கு. சிறு சிறு குறைகள் பல சேர்ந்தாலும் பெரிய குறைதான் என்று பின்னர் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். குறையை நீக்கு, புதிதாக மாற்றிக் கொடு, பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடு என்று மூன்று விதமாகவும் ஆணையம் உத்தரவிடலாம். வழக்குக் காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநிலம், அதற்கு மேல் தேசிய ஆணையம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே மனு போடலாம், விற்றவன் ஊருக்கு அலைய வேண்டாம். ஒரே எச்சரிக்கை, வணிக நோக்கத்தில் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆக மாட்டீர்கள். ஆனால் சுயதொழில் செய்து பிழைக்கத் தானே ஓட்டும் படகு என்றால் அந்த விலக்கு பொருந்தாது. மீன்பிடிக்கும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இரண்டு கேள்வி. படகு, என்ஜின், ட்ரெய்லர் எல்லாம் ஒரே பில்லா? நான்கு ஜாப் கார்டும் (செய்த ரிப்பேரை எழுதித் தரும் சீட்டு) கையில் இருக்கின்றனவா?

சுக்கான்:

அமெரிக்காவையும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் "லெமன் சட்டம்" (திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டிக்குப் பரிகாரம் தரும் சட்டம்) என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அது காருக்குத்தான், படகு அதில் வராது. 1975-இல் வந்த மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். அது வாரண்டியை "முழு", "வரையறுக்கப்பட்ட" என்று இரண்டாகப் பிரிக்கிறது. முழு வாரண்டி என்றால் நியாயமான எண்ணிக்கையில் ரிப்பேர் முயற்சி தோற்றதும் பணமா மாற்றுப் பொருளா என்று கேட்கலாம். ஆனால் படகுக் கம்பெனிகள் கொடுப்பது ஏறக்குறைய எப்போதும் வரையறுக்கப்பட்டதுதான். அட்டையின் தலைப்பிலேயே போட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை.

அதற்காகக் கை விரித்துவிட வேண்டியதில்லை. "ரிப்பேர் மட்டுமே உங்கள் பரிகாரம்" என்று எழுதியிருந்தாலும், அந்த ரிப்பேர் பலனில்லாமல் போனால் அந்த வரம்பே விழுந்துவிடும் என்பது அங்குள்ள வணிகச் சட்டத்தின் விதி. ஏற்றுக்கொண்ட பொருளை "இனி ஏற்கவில்லை" என்று திருப்பிக் கொடுக்கவும் வழி இருக்கிறது. கரையோரம் சொன்ன "எங்கள் விருப்பம்" பதிலுக்கு அதைவிடப் பொருத்தமான மருந்து கிடையாது.

ரெசின் கை:

இருபது வருடம் ஃபைபர் படகு கட்டும் பட்டறையில் கையில் ரோலர் பிடித்தவன். சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் தம்பி, "பூசிக் கொடுத்தார்கள்" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் வயிறு எரிந்தது.

மேலே பளபளவென்று தெரிகிறதே, அது ஜெல்கோட். அதன் கனம் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. அது படகுக்குச் சட்டை மாதிரி. பலம் எல்லாம் அதற்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி இழையிலும் ரெசினிலும்தான். உள்ளே நீளவாக்கில் ஓடும் தாங்கு கட்டைகள் அடித்தட்டோடு சரியாக ஒட்டாமல் போனால், அலையில் அடிக்கும்போதெல்லாம் அடித்தட்டு மூச்சு விடுவதுபோல உள்ளே வெளியே அசையும். ஜெல்கோட் விறைப்பானது, வளையாது. அதனால் கட்டை முடியும் இடத்துக்கு நேராக விரியும். விரிசலை நிரப்பிப் பூசினால் இரண்டு ஓட்டம் தாங்கும். உங்களுக்கும் சரியாக இரண்டு ஓட்டம்தான் தாங்கியிருக்கிறது.

இன்னொன்று. பல படகுகளில் அடித்தட்டு ஒற்றை ஃபைபர் இல்லை. நடுவில் பால்சா மரமோ நுரைப் பலகையோ வைத்து இரண்டு பக்கமும் ஃபைபர் போட்டிருப்பார்கள். அந்த நடுப்பகுதிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் கதை வேறு. பால்சா நனைந்தால் ஊறி அழுகும். மேல் தோலைப் பிரித்து, ஈர மரம் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, உலர்த்தி, புதிதாக வைத்து, மறுபடி ஃபைபர் போட வேண்டும்.

யார்டுக்குப் போய் இதைச் செய்து பாருங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் நல்ல இடத்தில் தட்டுங்கள். "டக் டக்" என்று கூர்மையாகக் கேட்கும். அப்படியே தட்டிக்கொண்டே விரிசல் பக்கம் வாருங்கள். "தொப் தொப்" என்று சத்தம் செத்துப் போனால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது, அல்லது நனைந்திருக்கிறது. எங்கிருந்து எங்கு வரை சத்தம் மாறுகிறது என்று மாஸ்க்கிங் டேப் ஒட்டி, அளவு நாடா வைத்துப் படம் எடுங்கள். எதையும் குடையாதீர்கள், திறக்காதீர்கள்.

பழைய டீலர்:

எதிர்த்தரப்பிலிருந்து ஒரு குரல். அடிக்க வேண்டாம், கடையை மூடி நான்கு வருடம் ஆகிறது.

அந்த மேலாளர் உங்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார், அதற்காக அவருக்கு ஏச்சும் விழுந்திருக்கும். டீலர் ரிப்பேர் செய்தால் கம்பெனி மணிக்கணக்குப் போட்டுக் கூலி கொடுக்கும், அதுவும் முன் அனுமதி வாங்கியிருந்தால். ஹல் வேலைக்கு அவர்கள் ஒதுக்கும் மணி எப்போதுமே போதாது. அதனால் டீலர் அனுமதி கிடைக்கும் அளவுக்குச் சின்ன வேலையாகக் காட்டி எழுதுவார். உங்கள் மூன்றாவது ஜாப் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "ஜெல்கோட் டச்-அப்" என்று இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

அடுத்து என்ன சொல்வார்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். "ட்ரெய்லர் உருளை தவறான இடத்தில் உட்கார்ந்து அழுத்தியது", "மணல் திட்டில் மோதியிருக்கிறார்", "அளவுக்கு மீறிய குதிரைத்திறன் என்ஜின்", "சர்வீஸ் சரியாகச் செய்யவில்லை". கடைசி இரண்டுக்கும் பதில் உங்களிடமே இருக்கிறது. ஹல்லில் அறைந்திருக்கும் தகட்டில் அதிகபட்சக் குதிரைத்திறன் போட்டிருக்கும், அதைப் படம் எடுங்கள். என்ஜினின் கணினியில் எத்தனை மணி நேரம், எந்த வேகத்தில் ஓடியது என்ற பதிவு இருக்கும், அதைப் பிரிண்ட் கேளுங்கள். படகு தண்ணீரில் இருந்ததை விட யார்டில் இருந்ததுதான் அதிகம் என்பதை அந்த ஒரு தாளே சொல்லிவிடும். பின்பக்கம் செதுக்கியிருக்கும் ஹல் அடையாள எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் அது இல்லாவிட்டால் "எந்தப் படகு?" என்றே ஒரு மாதம் ஓட்டுவார்கள்.

கரையோரம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று யார்டுக்குப் போய் வந்தேன்.

ரெசின் கை அண்ணா, நீங்கள் சொன்னபடியே தட்டினேன். பின்பக்கத்திலிருந்து முன்னால் வர வர டக் டக் என்றுதான் வந்தது. விரிசலுக்கு இரண்டு கை தூரம் இருக்கும்போதே சத்தம் செத்துவிட்டது. டேப் ஒட்டி முடித்தபோது ஒரு கதவு அகலத்துக்கு இருந்தது. பக்கத்தில் நின்ற யார்டுப் பையன் ஒன்றும் பேசாமல் தரையைக் காட்டினான். விரிசலுக்கு நேர் கீழே தேநீர் நிறத்தில் ஒரு கறை. படகு தண்ணீரை விட்டு ஏறிப் பத்து வாரம் ஆகிறது, இன்னும் சொட்டுகிறது.

ஜாப் கார்டு நான்கும் இருக்கின்றன. பழைய டீலர் ஐயா, கையைக் கொடுங்கள். மூன்றாவதில் "ஜெல்கோட் டச்-அப், பாலிஷ்" என்று மட்டும்தான் இருக்கிறது. ஏழு வாரத்துக்கு ஒரு வரி. நான்காவதில் "கம்பெனி பதிலுக்குக் காத்திருப்பு".

பில்: படகும் என்ஜினும் ஒரே பில். ட்ரெய்லர் மட்டும் ஒரு வாரம் கழித்துத் தனி பில்.

மனு எழுதுபவள்:

படகும் என்ஜினும் ஒரே பில் என்பது நல்ல செய்தி. ஏன் என்று பின்னால் தெரியும்.

ஜாப் கார்டு விஷயத்தில் ஒரு தீர்ப்பு நினைவுக்கு வருகிறது. 2007-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை முடிவு செய்த ஸ்காட்லாந்து வழக்கு. படகு இல்லை, வயலில் விதைக்கும் இயந்திரம். பழுதாகித் திருப்பிக் கொண்டுபோனார்கள். விற்றவர் சரிசெய்துவிட்டேன் என்றார், என்ன குறை இருந்தது, என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சொல்ல மறுத்துவிட்டார். உண்மையில் இயந்திரம் நன்றாகவே சரியாகியிருந்தது. இருந்தும், விவரம் தெரியாமல் ஏற்பதா வேண்டாமா என்று வாங்கியவர் எப்படி முடிவு செய்ய முடியும், அவர் நிராகரித்தது சரிதான் என்று தீர்ப்பு. ஆக, "என்ன செய்தீர்கள் என்று எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை. உங்கள் விஷயத்தில் சரியாகவும் ஆகவில்லை.

முதல் ஜாப் கார்டின் தேதியைப் பத்திரமாக வையுங்கள். குறை முதல் சில வாரத்திலேயே வெளிப்பட்டது என்பதற்கு அது சாட்சி. பிரிட்டன், சிங்கப்பூர் போன்ற இடங்களில் ஆறு மாதத்துக்குள் தென்பட்ட குறை ஆரம்பம் முதலே இருந்ததாகக் கொள்வார்கள், இல்லை என்று காட்டுவது விற்றவர் பாடு. இப்போது பதினோராவது மாதம் என்பதால் அந்த அனுகூலம் போய்விடாது. முதல் புகார் எப்போது என்பதுதான் கணக்கு.

அப்புறம், போனில் சொன்ன "முடியாது" காற்றோடு போகும். இன்றே மேலாளருக்கு ஒரு மெயில்: "இந்தத் தேதியில் தாங்கள் தொலைபேசியில் ஹல்லைப் பழுதுபார்க்க இயலாது என்று தெரிவித்தீர்கள். நான் புரிந்துகொண்டது தவறு என்றால் மூன்று நாளுக்குள் திருத்தவும்." பதில் வந்தாலும் உங்களுக்கு லாபம், வராவிட்டாலும் லாபம்.

ரெசின் கை:

இன்னொரு நுணுக்கம், அம்மா சரியா என்று சொல்லுங்கள். ஃபைபரில் "சரிசெய்யவே முடியாது" என்பது அபூர்வம். பாதிப் படகை வெட்டி எறிந்துவிட்டுக் கூட ஒட்டலாம். அவர்கள் முடியாது என்பதற்கு அர்த்தம் கட்டுப்படியாகாது என்பது. கம்பெனி "முடியும்" என்று சொல்வதும் அந்த வகையில் பொய் இல்லை. இதை வைத்து இழுக்க மாட்டார்களா?

மனு எழுதுபவள்:

அருமையான கேள்வி. கட்டுப்படியாகாது என்பதைக் காரணம் காட்டி ரிப்பேரை மறுக்கப் பல சட்டங்கள் விற்றவருக்கு இடம் கொடுக்கின்றன. ஆனால் அந்தக் கதவைச் சாத்தினால் பணம் திருப்பித் தரும் கதவு தானாகத் திறக்கும். இரண்டையும் சாத்த முடியாது. ரிப்பேர் "முடியும்" என்று சொல்கிறவரும் அதை நியாயமான காலத்துக்குள், வாங்கியவருக்குப் பெரிய சிரமம் இல்லாமல் செய்ய வேண்டும். ஏழு வாரமும் பத்து வாரமும் போன பிறகு தத்துவார்த்தமாக முடியும் என்பதற்கு மதிப்பு இல்லை.

உப்புக்காற்று:

எல்லோரும் கடிதம், மெயில் என்கிறீர்கள். நான் சொல்கிறேன், முதலில் கடன் தவணையை நிறுத்துங்கள் பாஸ். வங்கிக்காரன் டீலர் கழுத்தைப் பிடிப்பான், தானாக வழிக்கு வருவார்கள்.

சுக்கான்:

வேண்டவே வேண்டாம். கடன் ஒப்பந்தம் தனி. தவணை நின்றால் உங்கள் கடன் வரலாறுதான் கெடும், படகை வங்கி எடுத்துப்போனால் நிராகரிப்பதற்குக் கையில் படகே இருக்காது. சில நாடுகளில் விற்பனையோடு பிணைந்த கடன் என்றால் கடன் கொடுத்தவரும் சேர்ந்து பொறுப்பாவார். அப்படி இருந்தால் அவருக்கும் கடிதத்தின் நகல் அனுப்புங்கள். தவணையைக் கட்டிக்கொண்டே சண்டை போடுங்கள்.

என் அனுபவம் ஒன்று. ஒன்பது வருடத்துக்கு முன்பு இதே மாதிரி ஒரு புதுப் படகு, வேறு குறை: ஸ்டியரிங் இறுகிக்கொள்ளும். மூன்று ரிப்பேருக்குப் பிறகு "திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கடிதம் போட்டேன். பதில் வரத் தாமதம். நல்ல வெயில் நாள், மனசு கேட்கவில்லை, மச்சான் குடும்பத்தோடு ஒரு சுற்றுப் போய் வந்தேன். மச்சான் படத்தைப் போட்டுவிட்டான், எல்லோரும் சிரித்த முகம். எதிர்த்தரப்பு வக்கீல் அதை வண்ணப் பிரதி எடுத்து நீட்டினார். நிராகரித்த பொருளைச் சொந்தப் பொருள்போல உபயோகித்தால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். கடைசியில் கொஞ்சம் விலைக் குறைப்போடு ராஜியானேன். அந்தப் படகு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, ஸ்டியரிங் இன்னும் இறுகுகிறது.

நங்கூரம்77:

சரி, என் முதல் பதிவை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். இத்தனை மாதம் ரிப்பேருக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தாரே, அதுவே "ஏற்றுக்கொண்டார்" என்று ஆகாதா?

மனு எழுதுபவள்:

இதற்குப் படகு வழக்கே இருக்கிறது. 2003-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம். ஒரு தம்பதி வாங்கிய புதுப் பாய்மரப் படகில், அடியில் இருக்கும் கீல் என்ற பகுதியின் எடை ஒப்புக்கொண்ட அளவை விட மிக அதிகம். படகு கைக்கு வந்தது 2000 ஆகஸ்ட், நிராகரித்தது 2001 மார்ச். நடுவில் எப்படிச் சரிசெய்யலாம் என்று பேச்சு, தகவல் கேட்டுக் கடிதம், படகையும் உபயோகித்திருக்கிறார்கள். கீழ் நீதிமன்றம் தாமதம் என்று தள்ளிவிட்டது. மேல்முறையீட்டில் தலைகீழ். ரிப்பேர் பற்றிப் பேசுவதும் அதற்கான தகவலுக்குக் காத்திருப்பதும் ஏற்றுக்கொள்வது ஆகாது, தகவல் வந்து மூன்று வாரத்துக்குள் நிராகரித்ததில் தாமதம் இல்லை என்றார்கள். அந்த வழக்கு பழைய விற்பனைச் சட்டத்தின் கீழ் வந்தது, ஆனால் அதன் நியாயம் பழசாகவில்லை.

இதில் கரையோரத்துக்கு இருக்கும் செய்தி: இதுவரை காத்திருந்தது பரவாயில்லை. "ரிப்பேர் ஆகாது" என்று தெரிந்த நாளிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. இனி காத்திருக்காதீர்கள்.

கரையோரம்:

டீலர் தரப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு கடல்சார் சர்வேயரை வைத்துப் பார்த்துவிட்டேன். ஈரமானி வைத்தார், நானே தட்டிய இடத்தில் அவரும் சுத்தியலால் தட்டினார். அறிக்கையின் முக்கிய வரி: தாங்கு கட்டை அடித்தட்டோடு ஒட்டப்பட்ட இடத்தில் ரெசின் இறங்காத வெற்றிடம், கட்டும்போதே ஏற்பட்டது. மோதல் அடையாளம் இல்லை. கடலில் இறக்கப் பாதுகாப்பற்றது. மேலாளருக்குப் போட்ட மெயிலுக்குப் பதில் இல்லை, மூன்று நாள் போய்விட்டது.

கடிதம் எழுதியிருக்கிறேன், கடைசிப் பத்தி இது: "எனவே தாங்கள் இவ்விஷயத்தில் நல்லதொரு முடிவை எடுத்து என் மனக்குறையைத் தீர்த்து வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

மனு எழுதுபவள்:

கடைசிப் பத்தியைக் கிழித்துப் போடுங்கள் தம்பி. நல்லதொரு முடிவு என்றால் அவர்களுக்கு ஐந்தாவது ரிப்பேர். என்ன வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள்:

"மேற்கண்ட ஹல் எண் கொண்ட படகையும் அதனுடன் ஒரே பில்லில் விற்கப்பட்ட என்ஜினையும் இந்தக் கடிதத்தின் மூலம் நிராகரிக்கிறேன். செலுத்திய முழு விலையையும் 14 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். படகு தங்கள் யார்டில் உள்ளது, இன்று முதல் நான் அதை உபயோகிக்க மாட்டேன். இனி எந்த ரிப்பேருக்கும் என் சம்மதம் இல்லை."

பெறுநர் டீலர். நகல் கம்பெனிக்கும் கடன் கொடுத்தவருக்கும். சர்வே அறிக்கை, நான்கு ஜாப் கார்டு, டேப் ஒட்டிய படம் இணைப்பு. கையெழுத்து வாங்கும் தபாலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் மட்டும் வேண்டாம். அட்டைக் காலம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். சட்டப்படி அது கட்டாயமில்லை, ஆனால் இல்லாத ஒரு சாக்கை அவர்களுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?

பழைய டீலர்:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் என்ற பேச்சு வந்ததும் முதலில் வருவது, "ஹல்லை மட்டும் மாற்றித் தருகிறோம், என்ஜின் நன்றாகத்தானே இருக்கிறது" என்பதாக இருக்கும். என்ஜினில் டீலருக்கு லாபம் குறைவு, திரும்ப வந்தால் பழைய என்ஜின் விலைதான் போகும். அதனால் அதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

கரையோரம்:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கடிதம் சேர்ந்து ஒன்பதாவது நாள் போன் வந்தது. முதல் வார்த்தையே, "புது ஹல் தருகிறோம், உங்கள் என்ஜினையே மாட்டிக்கொள்ளலாம்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரெசின் கை அண்ணாவுக்குத் தனியாகச் செய்தி போட்டுக் கேட்டேன். அதே அச்சில், அதே ஆட்கள், அதே மாதத்தில் கட்டிய ஹல்லா என்று கேள் என்றார். கேட்டேன். பதில் இல்லை. பணம்தான் வேண்டும் என்று எழுத்தில் சொல்லிவிட்டேன்.

அப்புறம் "உபயோகித்ததற்குக் கழிவு" என்று ஒரு பெரிய தொகையைப் போட்டு அனுப்பினார்கள். என்ஜின் மணிப் பதிவைத் திருப்பி அனுப்பினேன்: பதினோரு மாதத்தில் 19 மணி நேரம். முதல் சர்வீஸுக்கே அது போதவில்லை. கழிவைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். சின்னதாக ஒரு தொகையை நானும் விட்டுக்கொடுத்தேன், மனு அக்கா திட்டினார், பரவாயில்லை. சர்வேயர் கட்டணத்தையும் கேட்டேன், அது கிடைக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை கடன் கணக்கு மூடப்பட்டது, மீதிப் பணம் கைக்கு வந்தது. நான் வாங்கிப் பொருத்தியிருந்த மீன் காட்டும் கருவியைக் கழற்றி எடுத்துக்கொள்ள விட்டார்கள். அது இருந்த இடத்தில் நான்கு ஸ்க்ரூ ஓட்டை தெரிந்தது, அதே யார்டுப் பையன் ஒவ்வொன்றிலும் சீலன்ட் வைத்து அடைத்தான். இந்தப் படகுக்கு இனி எதற்கு என்று கேட்டேன், பழக்கம் சார் என்றான்.

நங்கூரம்77:

வாழ்த்துகள் நண்பரே! ட்ரெய்லர் என்ன ஆயிற்று?

கரையோரம்:

அது தனி பில் அல்லவா, எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்கள். வாசலில் நிற்கிறது. ஏழு மீட்டர் படகுக்கானது, டயர் புதுசு. யாருக்காவது வேண்டுமென்றால் தனிச் செய்தி அனுப்புங்கள்.